சிதைந்த டீசல் லாரி எஞ்சின்: காப்பாற்றுவதா, கைவிடுவதா என்று தீர்மானிக்கும் முறை

சிலிண்டர்களைத் தாங்கும் வார்ப்பு உடலான பிளாக்கின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்து, பிஸ்டனைத் தாங்கும் ராடு உடைந்து வெளியே எட்டிப் பார்க்கும் எஞ்சினைப் பற்றி முடிவெடுக்க எந்த வழிகாட்டியும் தேவையில்லை. தடுமாற வைப்பது வேறு வகை. ஓடிக்கொண்டிருந்தபோது ஆயில் அழுத்தம் விழுந்து நின்றது, தண்ணீர் கொதித்து நின்றது, வெள்ளத்தில் இறங்கிய இடத்தில் ஒரே அடியில் இறுகி நின்றது என்று வந்து சேரும் எஞ்சின்களில் வெளியே ஒரு கீறலும் இருக்காது. அதைப் பார்க்கும் ஒருவர் நான்கு நாள் வேலை என்பார். இன்னொருவர் இறக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள் என்பார். இருவருமே அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். லாரித் தொழிலுக்குப் புதிதாக வந்தவரும் பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவரும் திறந்து பார்த்து, அளந்து, கணக்குப் போட்டு முடிவுக்கு வரும் வரிசையை இங்கே எழுதுகிறேன்.

வரிசை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எஞ்சினில் பெரும்பாலான பாகங்கள் பணம் கொடுத்தால் கிடைப்பவை. பிஸ்டன், ரிங், லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை), பேரிங், வால்வு, ஏன், சிலிண்டர்களை மேலே மூடும் முழு ஹெட்டும்கூட அப்படித்தான். அவை கெட்டிருந்தால் செலவு கூடும், அவ்வளவே. பிளாக்கும், பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டும் அந்தக் கணக்கில் சேராதவை. இவ்விரண்டும் போய்விட்டால் எஞ்சினில் மிச்சம் என்று சொல்ல ஏதுமில்லை. எனவே இவற்றின் நிலையைக் குறைந்த செலவில், கூடிய சீக்கிரம் தெரிந்துகொள்ளும் விதத்தில் சோதனைகளை அடுக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் நின்று, மேலே போகலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முழுவதும் பிரித்துப் போட்ட பிறகு யோசிக்கத் தொடங்குபவர், அதுவரை கொடுத்த கூலியை நினைத்தே தவறான முடிவை எடுப்பார்.

சாவியைத் தொடும் முன்

நின்றுபோன எஞ்சினை இன்னொரு முறை ஸ்டார்ட்டர் கொடுத்துப் பார்ப்பதுதான் முதலில் செய்யக் கூடாதது. தண்ணீர் புகுந்திருக்கக்கூடும் என்ற சந்தேகம் இருந்தால் இது இன்னும் கண்டிப்பானது. ஆறு சிலிண்டரும் 12 லிட்டர் கொள்ளளவும் உள்ள எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 2 லிட்டர். அமுக்க விகிதம் 17:1 என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேல் எஞ்சும் இடம் சுமார் 125 மில்லிதான். அந்த இடத்தை ஒரு சிறு டம்ளர் தண்ணீர் நிரப்பிவிடும். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது என்பதால் எது பலவீனமோ அது வளையும். பெரும்பாலும் அது ராடாக இருக்கும். முதல் அடியில் சற்றே வளைந்த ராடு, இரண்டாம் முறை ஸ்டார்ட் செய்து ஓட்டும்போது முறிந்து பிளாக்கை உடைத்த கதைகள் ஏராளம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

அடுத்தது ஓட்டுநரிடம் பேசுவது. என்ன நடந்தது என்பதைவிட எந்த வரிசையில் நடந்தது என்பதுதான் பயன் தரும். சத்தம் முதலில் வந்ததா, விளக்கு முதலில் எரிந்ததா? புகை வெள்ளையா, நீலமா, கருப்பா? ஆயில் விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் ஓடியது? இந்தக் கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைப்பது அரிது. சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் "உடனே நிறுத்திவிட்டேன்" என்றுதான் பலரும் சொல்வார்கள். எனவே குற்றம் காணும் தொனி இல்லாமல், உரிமையாளர் பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும். சாவியைத் திருப்பினாலும் அணையாமல், வேகம் தானாக ஏறிக்கொண்டே போய் நின்றது என்று அவர் சொன்னால், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் சீல் உடைந்து எஞ்சின் தன் ஆயிலையே எரித்து ஓடியிருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்படி ஓடிய எஞ்சினில் வால்வு, ராடு, பேரிங் எல்லாவற்றையும் ஐயத்துடனே பார்க்க வேண்டும்.

எஞ்சின் எண்ணையும் மாடல் குறியீட்டையும் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு லைனர் தொகுப்பும் பேரிங்கும் இப்போதும் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். முன்பு ஒருமுறை எஞ்சின் வேலை நடந்திருந்தால் அதன் ரசீதைத் தேடி எடுங்கள். கிராங்க் ஏற்கெனவே எந்த அளவுக்கு அரைக்கப்பட்டது என்பது அதில் இருக்கும். இத்துடன் இன்னொரு எண்ணையும் இப்போதே எழுதிவிடுங்கள்: உத்தரவாதத்துடன் கிடைக்கும் மறுசீரமைத்த மாற்று எஞ்சினை வாங்கி, லாரியில் மாட்டி, சாலைக்கு அனுப்ப ஆகும் மொத்தச் செலவு. பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இந்த எண்ணோடுதான் ஒப்பிடப்படும். நட்டைக் கழற்றத் தொடங்கிய பிறகு எழுதினால் மனம் சாய்ந்த பக்கத்துக்கு ஏற்றபடி இந்த எண்ணும் மாறிவிடும்.

ஆயிலும் ஃபில்டரும் சொல்வது

மிகக் குறைந்த செலவில் மிக அதிகமாகச் சொல்லும் சோதனை இது. லாரியை ஓர் இரவு அசையாமல் நிறுத்திவிட்டு, மறுநாள் அடியிலுள்ள டிரெய்ன் நட்டை முழுவதும் கழற்றாமல் மெதுவாகத் தளர்த்துங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால், பிரிந்து அடியில் தங்கிய தண்ணீர்தான் முதலில் சொட்டும். அது பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்தால் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீர். நிறமற்றுக் கலங்கலாக இருந்தால் வெளியிலிருந்து புகுந்த நீர். ஆயில் முழுவதும் பால் நிறத்தில் குழம்பியிருந்தால், தண்ணீர் கலந்த பிறகும் எஞ்சின் ஓடியிருக்கிறது என்று பொருள். பேரிங்குகள் அடிவாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் நீர்த்துப்போய் டீசல் வாடை அடித்தால் கவனத்தை எரிபொருள் பக்கம் திருப்ப வேண்டும்.

இங்கே புதியவர்கள் அவசரப்படுவது வழக்கம். ஆயிலும் தண்ணீரும் கலந்துவிட்டாலே பிளாக் வெடித்துவிட்டது என்று எண்ணுவார்கள். ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலான அடைப்புத் தகடு), லைனரின் ரப்பர் வளையம், ஹெட்டில் விரிசல், பிளாக்கில் விரிசல், ஆயிலை கூலன்ட்டால் குளிர்விக்கும் ஆயில் கூலர் ஆகிய ஐந்தில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். அவற்றுள் சுலபமாக மாற்றக்கூடியது ஆயில் கூலர். எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலன்ட்டின் அழுத்தத்தைவிட அதிகம் என்பதால், கூலர் ஓட்டையானால் ஆயில் தண்ணீர்ப் பக்கம் போகும்; ரேடியேட்டரில் கருப்பாக மிதக்கும். எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் உடனே விழுந்துவிடும், சூடான கூலன்ட்டின் அழுத்தமோ சிறிது நேரம் நீடிக்கும். அப்போது தண்ணீர் ஆயில் பக்கம் வரும். ஆகவே இரண்டிலும் இரண்டும் கலந்திருந்தால் முதலில் ஆயில் கூலரைக் கழற்றி, காற்றழுத்தம் கொடுத்து, தண்ணீரில் முக்கிப் பாருங்கள்.

பிறகு ஆயில் ஃபில்டர். இதை ஃபில்டர் வெட்டும் கருவியால் வெட்ட வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் அறுப்புத் தூளே உள்ளே விழுந்து குழப்பும். உள்ளிருக்கும் மடிப்புக் காகிதத்தை உருவி, வைஸில் பிழிந்து ஆயிலை வெளியேற்றி, வெள்ளைத் தாள்மேல் விரியுங்கள். மடிப்புகளுக்கு இடையே மினுமினுக்கும் துகள்களைத் தாளில் தட்டிவிட்டு, தாளுக்கு அடியில் ஒரு காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள். காந்தத்தோடு சேர்ந்து ஊர்பவை இரும்பு: லைனர், ரிங், கியர், கேம் ஆகியவற்றில் ஏதோ ஒன்றிலிருந்து வந்தவை. அசையாமல் கிடப்பவற்றில் செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து அடுத்த அடுக்கு வெளிவந்துவிட்டது. வெள்ளி நிறத்தில் இலேசாக இருப்பவை அலுமினியம், பெரும்பாலும் பிஸ்டனிலிருந்து வந்தவை. சிட்டிகை அளவு நுண்தூள் எந்தப் பழைய எஞ்சினிலும் இருக்கும். நகத்தால் எடுக்கக்கூடிய செதில்கள் இருக்கக் கூடாது.

கையால் சுற்றிப் பார்த்தல்

டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஃபிளைவீல் பக்கமோ கிராங்க் முன்நட்டிலோ கம்பி போட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். தண்ணீர் புகுந்த எஞ்சினானால் இன்ஜெக்டர் துளைகள் வழியாக அது பீறிட்டு வரும்; முகத்தை மேலே நீட்டாதீர்கள். தடையின்றிச் சுற்றினால் நல்ல அறிகுறி. எங்கேனும் ஓரிடத்தில் மட்டும் முட்டி நின்றால் அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, மறுபுறம் சுற்றிப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே இடத்தில் முட்டினால் பெரும்பாலும் பிஸ்டனுக்கு மேல் ஏதோ உடைந்து கிடக்கிறது அல்லது வால்வு வளைந்திருக்கிறது. அறவே அசையாத எஞ்சினை நீளக் குழாய் போட்டு நெம்புவதில் பயனில்லை. பல மாதம் நின்று துருப்பிடித்து இறுகியதும், ஆயிலின்றி ஓடிச் சூட்டில் இறுகியதும் கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும்; முன்னதில் லைனரோடு தப்பலாம், பின்னதில் கிராங்க்கே போயிருக்கலாம். கீழே திறந்து பார்த்தால்தான் வேறுபாடு புரியும்.

ஆயில் சேம்பரைக் கழற்றிய பிறகு

பெரும்பாலான லாரிகளில் எஞ்சினை இறக்காமலே, அதன் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சேம்பரைக் கழற்றிவிடலாம். முடிவின் பாதி இங்கே கிடைத்துவிடும் என்பதால் இதற்கு ஒரு நாள் கூலி கொடுப்பதற்குத் தயங்க வேண்டாம். சேம்பரின் அடியில் கிடப்பதை ஒரு துண்டுகூட விடாமல் எடுத்து, துணியில் வரிசையாக வையுங்கள். பிஸ்டனின் கீழ்ப்பகுதியான பாவாடையின் துண்டு, லைனரின் அடிவிளிம்பு, முறிந்த போல்ட் தலை, பிஸ்டனுக்கு ஆயில் பீய்ச்சும் சிறு குழாய் என்று எது கிடக்கிறதோ அதைக் கொண்டே எந்தச் சிலிண்டரில் தேடுவது என்று தெரியும். துண்டுகளைப் பொருத்திப் பார்த்து ஏதாவது குறைகிறது என்றால், குறைவது எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்கும்வரை அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

பிறகு ராடு மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கழற்றும் முன் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அழியாத மையால் எழுதுங்கள். ஒரு ராடின் மூடி இன்னொன்றுக்குப் பொருந்தாது. இக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் ராடை ஒரே துண்டாகச் செய்து, பிறகு உடைத்துப் பிரித்திருப்பார்கள், உடைந்த முகங்கள் தம் ஜோடியோடு மட்டுமே சேரும். பேரிங்கின் அரைவட்டத் தகடான ஷெல்லை ஒரு நல்ல விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அது நடந்ததைச் சொல்லும். நீளவாக்கில் நுண்கோடுகள் ஓடியிருந்தால் அழுக்கு ஆயில். மங்கிச் சாம்பல் பூத்து அரித்திருந்தால் தண்ணீர். மேல்பூச்சு உருகி விளிம்புக்கு வழிந்து உறைந்திருந்தால் ஆயில் வரத்து நின்றிருக்கிறது. ஷெல்லை இடம்பெயராமல் பிடிக்கும் சிறு காது நசுங்கி, ஷெல்லின் முதுகுப்புறம் பளபளவென்று தேய்ந்திருந்தால் பேரிங் தன் இருக்கையிலேயே சுழன்றிருக்கிறது. ராடு பேரிங் சுழன்றால் ராடையும் கிராங்க்கையும் பார்த்தால் போதும். கிராங்க்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங் சுழன்றிருந்தால் பிளாக்கின் இருக்கையே தேய்ந்திருக்கும். இரண்டுக்கும் செலவில் உள்ள தூரம் பெரிது. ராடின் பெரிய முனை சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால், அது எவ்வளவு நேராகத் தெரிந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

மேலிருந்து பார்த்தல்

இன்ஜெக்டர் துளை வழியே சிறு கேமராவை விட்டு ஒவ்வொரு பிஸ்டனின் தலையையும் லைனர் சுவரையும் பார்க்கலாம். உருகிய பிஸ்டன், உடைந்து குத்திய வால்வு, நீளவாக்கில் கிழிந்த லைனர் ஆகியவை ஹெட்டைக் கழற்றாமலே தெரிந்துவிடும். சேம்பரில் கண்டது நம்பிக்கை தந்தால் மட்டும் ஹெட்டைக் கழற்றுங்கள்.

ஹெட்டைக் கழற்றிய பிறகு, வளைந்த ராடைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளாக்கின் மேல்முகத்திலிருந்து பிஸ்டன் தலை எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்று டயல் கேஜால் அளந்து எழுதுங்கள். பிஸ்டன் தன் பின்னைச் சுற்றி இலேசாக ஆடும் என்பதால், பின் இருக்கும் கோட்டின்மேல் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். நல்ல எஞ்சினில் ஆறு அளவுகளும் மிக நெருங்கி நிற்கும். ஐந்து ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் அரை மி.மீ. தாழ்ந்திருந்தால் அந்த ராடு வளைந்துவிட்டது. கேஜ் இல்லாதவர் லைனரின் மேல்விளிம்பைப் பார்க்கலாம். முதல் ரிங் எட்டாத இடத்தில் கருப்பாகக் கரி படிந்திருக்கும். எல்லாச் சிலிண்டரிலும் அந்தக் கரிவளையம் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். வளைந்த ராடோடு சில நாள் ஓடிய சிலிண்டரில் பிஸ்டன் முன்பைவிடத் தாழ்வாகவே திரும்பியிருக்கும் என்பதால், பழைய விளிம்புக்குக் கீழே புதிதாக இன்னொரு மெல்லிய வளையம் தெரியும்.

கிராங்க் ஷாஃப்ட்

கிராங்க்கில் பேரிங் பற்றும் பகுதியான ஜர்னலைத் துடைத்து விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டாத கோடுகள் பாலிஷில் போய்விடும். நகம் தட்டினால் அரைக்க வேண்டும். பல எஞ்சின்களுக்கு 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. எனப் படிப்படியாகத் தடித்த பேரிங்குகள் கிடைக்கின்றன. உங்கள் எஞ்சினுக்கு எத்தனை படி உண்டு, அவற்றுள் எத்தனை ஏற்கெனவே தீர்ந்துவிட்டன என்பதுதான் கேள்வி. பேரிங்கின் பின்புறத்தில் பொறித்திருக்கும் எண்ணும் மைக்ரோமீட்டரும் இதற்குப் பதில் தரும்.

அளவு மட்டும் போதாது. கிராங்க் எப்படி உறுதியேற்றப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். மின்தூண்டலால் சூடேற்றிக் கடினமாக்கிய ஜர்னலில் கடினப் பகுதி சில மி.மீ. ஆழம் இருக்கும், அரைத்தாலும் மிச்சம் இருக்கும். நைட்ரைடு செய்த, அதாவது நைட்ரஜனால் மேற்பரப்பைக் கடினமாக்கிய கிராங்க்கில் அது மி.மீ.யின் ஒரு சிறு பகுதி ஆழமே. அரைத்தால் அந்தத் தோல் போய்விடும், மறுபடியும் நைட்ரைடு செய்தாக வேண்டும். இதைச் செய்யாமல் வெறுமனே அரைத்துக் கொடுக்கும் லேத் பட்டறைகள் உண்டு; கிராங்க் பார்வைக்குக் கண்ணாடிபோல இருக்கும், வெகுநாள் உழைக்காது.

நீலம் பாய்ந்த ஜர்னல் என்றால் சூட்டில் கடினம் இறங்கியிருக்கலாம். கடினத்தன்மையைச் சோதிக்காமல் அரைக்கக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக விரிசல் சோதனை. கிராங்க்கைக் காந்தமேற்றி நுண்ணிரும்புத் துகள் கலந்த திரவத்தை ஊற்றினால், விரிசல் இருக்கும் கோட்டில் துகள்கள் கூடி நிற்கும். ஜர்னலும் அதன் பக்கத் தட்டான கன்னமும் சேரும் வளைவிலும் ஆயில் துளையின் வாயிலும் கூர்ந்து பாருங்கள். அங்கே கண்ட விரிசலுக்குச் சிகிச்சை கிடையாது. வெல்டு வைத்துத் தருகிறேன் என்பவரிடம் அதை விட்டுவிட்டு வர வேண்டாம். அரைக்கும் செலவை நிர்ணயிக்கும் முன்பே இச்சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அரைத்து முடித்த பிறகு விரிசலைக் கண்டால் அரைத்த கூலி வீண்.

பிளாக்

பிளாக்கில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது லைனரின் வகை. தண்ணீர் நேரடியாகத் தொடும் வெட் லைனர் இருந்தால், சிலிண்டருக்குள் நடந்த எந்தக் கோரமும் லைனரோடு வெளியேறிவிடும். லைனர் கிழிந்ததைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். லைனரே இல்லாமல் பிளாக்கிலேயே கடைந்த சிலிண்டர் என்றால், பெரிய அளவுக்குக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவதோ, கடைந்து ஸ்லீவ் (உலோக உள்ளுறை) இறக்குவதோதான் வழி. அதற்குச் சுவரில் போதிய தடிப்பு வேண்டும்.

வெட் லைனரை உருவியதும் அதன் வெளிப்புறத்தைப் பாருங்கள். பிஸ்டன் அறையும் பக்கத்தில் ஊசியால் குத்தியதுபோலக் குழிகள் வரிசையாக இருந்தால், லைனர் அதிரும்போது கூலன்ட்டில் குமிழிகள் தோன்றி வெடித்து இரும்பை அரித்திருக்கின்றன. குழி சுவரைத் துளைத்துவிட்டால் தண்ணீர் சிலிண்டருக்குள் வரும். இது கூலன்ட்டைப் பேணாததன் விளைவு. லைனர் மாற்றினால் தீரும். ஆனால் அதே அரிப்பு, லைனரின் கீழ் வளையங்கள் அமரும் பிளாக்கின் பள்ளத்திலும் இருந்தால் அங்கே புது ரப்பர் வளையம் நிற்காது. மேலே லைனர் உதடு அமரும் படியையும் பாருங்கள். படி தேய்ந்து லைனர் தாழ்ந்தால் கேஸ்கெட் நிற்காது. லைனர் பிளாக் முகத்துக்கு மேல் எவ்வளவு உயர்ந்து நிற்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் கையேட்டில் மி.மீ.யின் நூறில் சில பங்கு என்ற நுட்பத்தில் இருக்கும். தேய்ந்த படியைக் கடைந்து அடியில் மெல்லிய வளையம் போட்டுச் சரிசெய்யலாம். படியின் மூலையில் விரிசல் ஓடியிருந்தால் நான் அந்த பிளாக்கைத் தொடுவதில்லை.

கீழே மெயின் பேரிங் இருக்கைகள். மூடிகளை உரிய இறுக்கத்துக்கு முறுக்கிவிட்டு, பேரிங் இல்லாமல் ஒவ்வொன்றின் உள்விட்டத்தையும் மூன்று திசைகளில் அளந்தால் வட்டம் கெட்டிருப்பது தெரியும். எல்லா இருக்கையும் ஒரே நேர்கோட்டில் இருப்பதும் அவசியம். கெட்டிருந்தால் எல்லா இருக்கையையும் ஒரே நேர்கோட்டில் கடையும் லைன் போரிங் செய்யலாம், ஆனால் அதைச் சரியாகச் செய்யும் எந்திரமும் ஆளும் எல்லா இடத்திலும் இல்லை. இருக்கைச் சுவரில் விரிசல் இருந்தால் அத்துடன் பேச்சு முடிந்தது.

பக்கவாட்டுச் சுவரில் விழுந்த ஓட்டை மட்டும் ஒரு விதிவிலக்கு. உறைந்த தண்ணீரால் வெடித்த சுவரும், ராடு குத்திய சிறு ஓட்டையும், சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் தண்ணீர்ச் சட்டையோடு நின்றிருந்தால், வரிசையாகத் துளையிட்டு ஆணிகளைப் பூட்டித் தைக்கும் முறையில் வார்ப்பிரும்பை அடைத்துவிட முடியும். வெல்டிங்கில் சீரற்ற சூடு புதிய விரிசலைத் தரும் என்பதால் இம்முறை மேலானது. ஆனால் இருக்கைச் சுவர், ஹெட் போல்ட் துளையைச் சுற்றிய பகுதி, லைனர் படி ஆகிய சுமை தாங்கும் இடங்களில் எந்த ஒட்டும் வேண்டாம்.

மற்ற பாகங்கள்

ஹெட்டைச் சூடான நீரில் காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும்; குளிர்ந்த நிலையில் மூடியிருக்கும் விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும். இரு வால்வு இருக்கைகளுக்கு இடையிலும், இன்ஜெக்டர் துளைக்கு அருகிலும்தான் பெரும்பாலும் விரியும். டர்போவின் தண்டு ஆடுகிறதா, இறக்கைகளில் பல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். உயர் அழுத்தப் பம்ப் உடைந்து அதன் தூள், இன்ஜெக்டர்களுக்கு டீசல் பகிரும் குழாயான ரெயிலுக்குள் போயிருந்தால், பம்ப் முதல் இன்ஜெக்டர்வரை முழுத் தொகுப்பையும் மாற்ற வேண்டிவரும். இக்கால எஞ்சின்களில் கணக்கைக் கவிழ்க்க இது ஒன்றே போதும்.

ஆயில் கூலரையும், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நான் உடன் நின்று பார்த்த ஒரு வேலையில் கிராங்க் அரைத்து, பேரிங், லைனர், பிஸ்டன் எல்லாம் புதிதாகப் போட்டு எஞ்சினை ஏற்றினார்கள். மூன்றாம் வாரமே மெயின் பேரிங் போயிற்று. சேம்பரில் கிடந்த செதில்கள் புதுப் பேரிங்குடையவை அல்ல, பழையவை. முதல் உடைப்பில் கூலரின் மெல்லிய அடுக்குகளில் போய்ச் சிக்கிய தூளை, மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி எடுத்துவிட்டதாக நினைத்து அதே கூலரை மாட்டியிருந்தார்கள். பேரிங் உடைந்த எஞ்சினில் ஆயில் கூலரும், டர்போ உடைந்த எஞ்சினில் இன்டர்கூலரும் புதிதாகவே போடப்படும் என்று கணக்கில் எழுதிவிடுங்கள்.

காரணம் கிடைத்ததா

பழுது என்னவென்று தெரிந்தாலும் ஏன் வந்தது என்று தெரியாத எஞ்சினில் பணம் போடக் கூடாது. மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் உருகியிருந்தால் இன்ஜெக்டர் ஒழுகியதா, பிஸ்டனுக்கு ஆயில் பீய்ச்சும் குழாய் அடைத்ததா என்று தெரிய வேண்டும். இரண்டையும் சோதித்து இரண்டும் நல்ல நிலையில் இருந்தால், தேடல் முடியவில்லை என்றே பொருள். மேற்சொன்ன எல்லாப் பாகங்களையும் கழுவும் முன் படமெடுத்து வைக்க வேண்டியது இதற்காகத்தான். கழுவிய பாகத்தில் சாட்சியமும் போய்விடும்.

கணக்கு

இப்போது தாளை எடுத்து, முதல் நாள் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் பழுதுபார்க்கும் செலவை எழுதுங்கள். பாகங்கள், லேத் வேலை, எஞ்சினை இறக்கி ஏற்றும் கூலி ஆகியவற்றை எவரும் மறப்பதில்லை. மறந்துபோவது இவை: கேஸ்கெட் தொகுப்பு, ஒருமுறை மட்டுமே முறுக்கத்தக்க ஹெட் போல்ட்டுகள், ஆயில் கூலர், தண்ணீர்ப் பம்ப், ஹோஸ்கள், ஆயிலும் கூலன்ட்டும், லாரியைக் கட்டி இழுத்து வந்த செலவு, நின்ற நாட்களின் வருமான இழப்பு. எல்லாவற்றையும் கூட்டி, திறந்த பிறகும் தெரியாமல் இருப்பவற்றுக்காக மேலே நான்கில் ஒரு பங்கைச் சேர்ப்பது என் வழக்கம். அப்படி வரும் தொகை, உத்தரவாதத்துடன் கிடைக்கும் மறுசீரமைத்த எஞ்சினை மாட்டும் செலவில் முக்கால் பங்கைத் தாண்டினால், பழுதுபார்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

மாற்று எஞ்சின் பக்கமும் கூர்ந்து பார்க்க வேண்டும். மறுசீரமைத்த எஞ்சின் கொடுப்பவர்கள் பழையதைத் திரும்பக் கேட்பார்கள். பிளாக்கோ கிராங்க்கோ உடைந்திருந்தால் பழையதற்குத் தரும் தொகையைக் குறைப்பார்கள், சிலர் ஏற்கவே மாட்டார்கள். பழைய எஞ்சின் மலிவாகத் தோன்றும், ஆனால் அதன் ஓட்டம் எவருக்கும் தெரியாது. வாங்கும் முன் அதன் ஆயில் ஃபில்டரையும் வெட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பது உத்தமம். கட்டுப்பாட்டுக் கணினியும் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பும் உங்கள் லாரியோடு ஒத்துப்போகுமா என்பதையும், பதிவு ஆவணத்தில் எஞ்சின் எண் இடம்பெறும் நாடானால் அதை மாற்றும் நடைமுறையையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

லாரியின் வயதும் இதில் சேரும். லாரியின் அடிச்சட்டமும் (சேஸி) கியர்பாக்ஸும் அச்சும் இன்னும் பல ஆண்டு உழைக்கும் நிலையில் இருந்தால் நல்ல எஞ்சினுக்குச் செலவழிக்கலாம். எஞ்சினைத் தவிர மற்றவையும் தள்ளாடும் லாரியில் புதிய லைனர் தொகுப்பு போடுவது, விற்கும்போது திரும்பி வராத பணம்.

கைவிடுவது என்று முடிவானால்

அப்போதும் எஞ்சினை மொத்தமாக எடைக்குப் போட அவசரப்பட வேண்டாம். சோதனையில் தேறிய ஹெட், அளவில் நிற்கும் கிராங்க், காற்றுக் கம்ப்ரஸர், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ஃபிளைவீல் உறை, கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவற்றைத் தனித்தனியே விற்கலாம். மாற்று எஞ்சினில் எது இல்லாமல் வருகிறது என்று பார்த்த பிறகே எதையும் விற்க வேண்டும், ஏனெனில் பல எஞ்சின்கள் பிராக்கெட்டும் புல்லியும் இல்லாமல்தான் வந்து சேரும். கிராங்க்கைப் படுக்க வைக்காமல், ஆயில் பூசி, ஃபிளைவீல் முனை கீழே இருக்குமாறு நிமிர்த்தி, சாய்ந்து விழாமல் சுவரோடு சங்கிலியிட்டு நிறுத்துங்கள். இன்ஜெக்டர், பம்ப் ஆகியவற்றின் வாய்களைக் கழற்றிய அன்றே மூடியிட்டு அடைத்து, எந்தச் சிலிண்டரில் இருந்து எடுத்தது என்று அட்டை கட்டிவிடுங்கள். வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.